‘ஸே’யா, ‘டெல்’லா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

தமிழில் ‘சொல்’ என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிடுகிறோம். பொய் சொல்லலாம், நன்றி சொல்லலாம், வரச் சொல்லலாம், ஜோசியம் சொல்லலாம். யாரிடம் சொன்னோம் என்று குறிப்பிட்டாலும் சரி, விட்டாலும் சரி, வாக்கியம் குறைபடாது. ஆங்கிலத்தில் இதே வேலையை ‘ஸே’, ‘டெல்’ என்ற இரண்டு சொற்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. பங்கு எந்த இடத்தில் பிரிகிறது என்று தெரியாததால்தான் பத்து வருஷம் ஆங்கிலம் படித்தவர்கள்கூட மெயில் எழுதும்போது ஒரு கணம் தயங்குகிறார்கள்.

இதை முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டும் என்றில்லை. உங்கள் வாக்கியம் எப்படி இடிக்கிறது என்று பார்த்து, அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் எல்லோரும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு.

முதல் சோதனை: பக்கத்தில் ஆள் இருக்கிறாரா?

‘டெல்’லுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கேட்கிற ஆள் உட்கார வேண்டும்: மீ, யூ, ஹிம், ஹர், அஸ், தெம், மை ஃபாதர், த மேனேஜர். ‘ஸே’க்குப் பக்கத்தில் அந்த நாற்காலி இல்லை. அங்கே வருவது சொல்லப்பட்ட சொற்கள்.

‘ஷி டோல்ட் மீ ஷி வாஸ் டயர்ட்.’ ஆள் இருக்கிறார், சரி.
‘ஷி ஸெட் ஷி வாஸ் டயர்ட்.’ ஆள் இல்லை, அதுவும் சரி.

இரண்டுக்கும் தமிழில் ஒரே பொருள்தான்: களைப்பாக இருக்கிறது என்றாள். உங்கள் வாக்கியத்தில் வினைக்கு அடுத்த சொல்லின் மேல் விரலை வையுங்கள். ‘டெல்’லுக்கு அடுத்து ஆள் இல்லையென்றாலோ, ‘ஸே’க்கு அடுத்து ஆள் இருந்தாலோ, கீழே தொடருங்கள். பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும்.

அறிகுறி: ‘டோல்ட் தட்’ என்று எழுதிவிடுகிறீர்கள்

‘ஹி டோல்ட் தட் ஹி வில் கம்.’ நம்மவர்கள் ஆங்கிலத்தில் அடிக்கடி கண்ணில் படும் பிழைகளில் இது ஒன்று. நாற்காலி காலி. சரிசெய்ய இரண்டு வழி: ஆளை உட்கார வையுங்கள், ‘ஹி டோல்ட் மீ தட் ஹி வுட் கம்’, அல்லது வினையை மாற்றுங்கள், ‘ஹி ஸெட் தட் ஹி வுட் கம்’. யாரிடம் சொன்னார் என்பது முக்கியமில்லை என்றால் இரண்டாவது வழி நல்லது.

இந்தப் பிழை ஏன் இவ்வளவு பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது? இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, ‘வருவேன் என்று சொன்னான்’ என்பது தமிழில் முழு வாக்கியம். ‘என்று’ வந்த இடத்தில் ‘தட்’ போட்டு, ‘சொன்னான்’ வந்த இடத்தில் ‘டோல்ட்’ போட்டால் முடிந்தது என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது.

இரண்டாவது காரணம் பள்ளிக்கூடம். நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சியில் ஒரு சூத்திரம் மனப்பாடம் செய்தோமே, நினைவிருக்கிறதா? ‘ஸெட் டு’ என்று இருந்தால் ‘டோல்ட்’ ஆக்கு. சூத்திரத்தில் தப்பில்லை. ‘ஹி ஸெட் டு மீ’ என்பது ‘ஹி டோல்ட் மீ’ ஆகிறது. ஆள் பத்திரமாகக் கூடவே வருகிறார். ஆனால் பரீட்சை முடிந்து பல வருஷம் கழித்து மனசில் தங்குவது ‘அயற்கூற்று என்றால் டோல்ட்’ என்ற பாதிதான். ‘டு’ போனது, ஆளும் போனார். அதன் பிறகு ‘ஸெட்’ என்று எழுதினாலே ஏதோ கீழ்வகுப்பு ஆங்கிலம் மாதிரி தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. அப்படி ஒன்றும் இல்லை. ஆங்கிலச் செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் ‘ஸெட்’தான்.

இதே நோயின் வேறு உருவங்கள் அலுவலகத்தில் நிறையக் கிடைக்கும்:

‘ஆஸ் ஐ டோல்ட் இயர்லியர்.’ சரி: ‘ஆஸ் ஐ ஸெட் இயர்லியர்.’ அல்லது ‘ஆஸ் ஐ டோல்ட் யூ இயர்லியர்.’ இரண்டாவதில் ‘அப்பவே சொன்னேனே’ என்ற காரம் கொஞ்சம் ஏறிவிடும். மேலதிகாரிக்கு எழுதும்போது முதலாவதே நல்லது.

‘வாட் யூ ஆர் டெல்லிங் இஸ் கரெக்ட்.’ சரி: ‘வாட் யூ ஆர் ஸேயிங் இஸ் கரெக்ட்.’

‘ஹூ டோல்ட்?’ சரி: ‘ஹூ ஸெட் ஸோ?’ அல்லது ‘ஹூ டோல்ட் யூ?’ முதல் கேள்வி, அப்படிச் சொன்னது யார் என்று கேட்கிறது. இரண்டாவது, உன் காதில் போட்டது யார் என்று விசாரிக்கிறது.

‘நான்தான் சொன்னேன்’ என்பதற்கு நாம் விடும் ‘ஐ ஒன்லி டோல்ட்’ தனி ரகம். ஆள் இல்லாதது ஒரு பிழை. ‘தான்’ என்ற அழுத்தத்தை ‘ஒன்லி’யில் ஏற்றியது அடுத்த பிழை. ‘ஐ வாஸ் த ஒன் ஹூ ஸெட் இட்’ என்பதுதான் அதற்குச் சரியான வடிவம். நீட்டமாக இருக்கிறதே என்றால், ‘ஐ’யை மட்டும் அழுத்தி ‘ஐ ஸெட் இட்’ என்று சொல்லலாம்.

அறிகுறி: நடுவில் ‘டு’ போடுவதா வேண்டாமா என்று தடுமாற்றம்

‘ஹி டோல்ட் டு மீ’, ‘ஹி ஸெட் மீ’. இரண்டும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். ‘என்னிடம் சொன்னான்’, ‘என்கிட்ட சொன்னான்’ என்று தமிழில் ஆளோடு ஓர் ஒட்டு வருகிறது. அந்த ஒட்டுக்கு ஈடாக ‘டு’வைத் தேடுகிறோம். ‘டெல்’லுக்கு அது வேண்டாம், ஆள் நேராக உட்காரலாம். ‘ஸே’க்கு நாற்காலியே இல்லாததால் ஆள் ‘டு’வைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும்: ‘ஹி ஸெட் டு மீ’, ‘ஐ ஹாவ் ஸம்திங் டு ஸே டு யூ’.

ஒரு விலக்கு. ‘ஷி டோல்ட் த ஸ்டோரி டு ஹர் சில்ட்ரன்’ என்பது சரி. கதை முதலில் வந்து ஆள் பின்னால் போய்விட்டதால் ‘டு’ தேவைப்படுகிறது. ஆளை முன்னால் கொண்டுவந்தால் ‘ஷி டோல்ட் ஹர் சில்ட்ரன் த ஸ்டோரி’ என்று ‘டு’ தானாக விழுந்துவிடும்.

‘ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் மீ’, ‘ஹி ஸஜெஸ்டட் மீ எ குட் டாக்டர்’ என்று எழுதும் பழக்கம் இருந்தால் அதையும் இங்கேயே சரிசெய்துகொள்ளலாம். ‘எக்ஸ்ப்ளெயின்’, ‘ஸஜெஸ்ட்’ இரண்டும் ‘ஸே’ கட்சி. ‘எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ’ என்றுதான் வரும். ‘இன்ஃபார்ம்’, ‘ரிமைண்ட்’ இரண்டும் ‘டெல்’ கட்சி. அவற்றுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

அறிகுறி: ‘அபௌட்’ வந்தால் இரண்டுமே இடிக்கிறது

‘ஹி டோல்ட் அபௌட் ஹிஸ் ஃபேமிலி.’ ஆள் இல்லை. ‘ஹி ஸெட் அபௌட் ஹிஸ் ஃபேமிலி’ என்று மாற்றினாலும் தேறாது, ஏனென்றால் ‘ஸே’க்கு அடுத்து என்ன சொன்னார் என்பதற்கு ஏதாவது வேண்டும்: ‘ஹி ஸெட் நத்திங் அபௌட் ஹிஸ் ஃபேமிலி’, ‘வாட் டிட் ஹி ஸே அபௌட் மீ?’. அப்படி எதுவும் இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிட்டு ‘ஹி டாக்ட் அபௌட் ஹிஸ் ஃபேமிலி’ என்று எழுதிவிடுங்கள்.

அறிகுறி: ஆளே இல்லை, ஆனால் ‘டெல்’தான் சரி என்கிறார்கள்

‘டெல் த ட்ரூத்’, ‘டெல் எ லை’, ‘டெல் எ ஜோக்’, ‘டெல் எ ஸ்டோரி’, ‘டெல் எ ஸீக்ரெட்’. உண்மை, பொய், ஜோக், கதை, ரகசியம். முதல் சோதனைப்படி இவையெல்லாம் பிழையாக இருக்க வேண்டும். இருந்தும் ‘ஸே எ லை’ என்றால்தான் தப்பு.

மறுபக்கம், ‘ஸே ஸாரி’, ‘ஸே தேங்க் யூ’, ‘ஸே ஹலோ’, ‘ஸே யெஸ்’. இங்கே நம்மவர்கள் அடிக்கடி சொல்வது ‘டெல் ஸாரி’, ‘டெல் தேங்க்ஸ் டு ஹிம்’. தவறு.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சூட்சுமம் பிடிபடும். மன்னிப்புக் கேட்கும்போது உங்கள் வாயிலிருந்து ‘ஸாரி’ என்ற அந்தச் சொல்லே வெளியே வருகிறது. ‘ஹலோ’வும் அப்படித்தான். பொய் சொல்கிறவர் வாயிலிருந்து ‘பொய்’ என்ற சொல் வருவதில்லை. வேறு ஏதோ வருகிறது, அதற்கு நாம் வைத்த பெயர்தான் பொய். அப்படியே வாயிலிருந்து விழும் சொல் என்றால் ‘ஸே’. சொன்னதற்கு வெளியிலிருந்து வைத்த பெயர் என்றால் பெரும்பாலும் ‘டெல்’. ‘ஸே எ ப்ரேயர்’, ‘ஸே எ ஃப்யூ வேர்ட்ஸ்’ என்பவை இந்தக் கணக்கிலிருந்து கொஞ்சம் நழுவும். ஜெபத்தை வரிவரியாகச் சொற்களாகவே உச்சரிப்பதால் ‘ஸே’ வந்தது என்று வைத்துக்கொண்டால் மனசில் நிற்கும்.

இரண்டும் சேர்ந்து நிற்கும் ஒரு வாக்கியத்தை வாயில் பழக்கிக்கொள்ளுங்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு என்பதற்கு ஆங்கிலத்தில் ‘டெல் யுவர் மதர் ஐ ஸெட் ஹாய்’ என்பார்கள். அம்மா ஆள், அதனால் ‘டெல்’. ஹாய் வாயிலிருந்து வந்த சொல், அதனால் ‘ஸெட்’. இந்த ஒன்று பிடிபட்டால் பட்டியல்களைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

அறிகுறி: ‘வரச் சொன்னார்’ என்று எழுதப் போய் பொருள் தலைகீழாகிறது

கட்டளைக்கு ‘டெல்’, ஆள், அப்புறம் ‘டு’: ‘த மேனேஜர் டோல்ட் மீ டு கம் அட் நைன்.’ ‘ஸெட் மீ டு கம்’ கிடையாது. பேச்சில் ‘த டாக்டர் ஸெட் டு டேக் ரெஸ்ட்’ என்று ஆளை விட்டுச் சொல்வதுண்டு. அது பரவாயில்லை.

ஆபத்து செயப்பாட்டு வினையில் இருக்கிறது. ‘ஐ டோல்ட் டு கம்’ என்று எழுதினால், என்னை வரச் சொன்னார்களா, நான் யாரையாவது வரச் சொன்னேனா என்றே புரியாது. வரச் சொன்னது உங்களை என்றால் ‘ஐ வாஸ் டோல்ட் டு கம்’. அந்தச் சின்ன ‘வாஸ்’ விழுந்தால் சொன்னவரும் கேட்டவரும் இடம் மாறிவிடுகிறார்கள்.

‘ஐ வாஸ் ஸெட்’ என்பது எந்தக் காலத்திலும் வராது. ‘இட் வாஸ் டோல்ட் தட்’ என்பதும் தவறு. ‘இட் இஸ் ஸெட் தட்’ என்பதுதான் வழக்கு. ஆனால் ‘ஹி இஸ் ஸெட் டு’ என்று ஒன்று உண்டு, அது கட்டளை இல்லை. தமிழில் ‘-ஆம்’ என்று முடிப்போமே, அந்த வேலையைச் செய்வது.

‘ஹி இஸ் ஸெட் டு ஹாவ் லெஃப்ட் த கன்ட்ரி.’ நாட்டை விட்டே போய்விட்டாராம்.
‘ஹி வாஸ் டோல்ட் டு லீவ் த கன்ட்ரி.’ நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள்.

முதலாவது ஊர்ப்பேச்சு. இரண்டாவது உத்தரவு. செய்தி மொழிபெயர்க்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘தே ஸே’ என்பதும் இதே ‘-ஆம்’தான்: ‘தே ஸே இட் வில் ரெயின் டுநைட்’ என்றால் இன்று ராத்திரி மழை வருமாம். அந்த ‘தே’ யார் என்று தேட வேண்டாம்.

அறிகுறி: போனில் ‘டெல் மீ’ என்றதும் எதிர்முனை ஒரு கணம் மௌனமாகிறது

‘சொல்லுங்க சார்’ என்பதன் நேர் வடிவம். நமக்கு அது மரியாதை, நீங்கள் பேசலாம், காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். பழக்கமில்லாத பிரிட்டிஷ்காரர் அல்லது அமெரிக்கர் காதில் அது ஏதோ விவரம் கேட்டு அதட்டுவது போல விழலாம். இலக்கணப்படி பிழையே இல்லை, நாற்காலியில் ஆள்கூட இருக்கிறார். சூழல்தான் பொருந்தவில்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் வேலையென்றால் ‘ஹவ் கேன் ஐ ஹெல்ப்?’ என்றோ ‘கோ அஹெட்’ என்றோ மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவுக்குள் பேசுவதற்கு இதை மாற்ற வேண்டியதில்லை என்பது என் கட்சி. சென்னையிலிருந்து டெல்லி வரை எல்லோருக்கும் புரிகிற ‘டெல் மீ’யைத் திருத்தி என்ன ஆகப்போகிறது?

அறிகுறி: போர்டு, பேப்பர், கடிகாரம் பேசும்போது வினை கிடைக்கவில்லை

தமிழில் போர்டு எதுவும் சொல்லாது. போர்டில் போட்டிருக்கும், பேப்பரில் வந்திருக்கும், லெட்டரில் எழுதியிருக்கும். அதனால் ‘இன் த நியூஸ்பேப்பர் தே ஹாவ் புட்’, ‘இன் த போர்டு இட் இஸ் ரிட்டன்’ என்று வளைத்து வளைத்துப் போகிறோம். ஆங்கிலத்தில் எழுத்து இருக்கிற எந்தப் பொருளும் வாய் திறக்கும், அதன் வினை ‘ஸே’: ‘த போர்டு ஸெஸ் நோ பார்க்கிங்’, ‘த லேபிள் ஸெஸ் கீப் இன் எ கூல் ப்ளேஸ்’, ‘வாட் டஸ் த லெட்டர் ஸே?’. தமிழில் ‘போட்டிருக்கு’ என்று வந்தால் ‘ஸெஸ்’ போட்டுப் பாருங்கள், அநேகமாக உட்கார்ந்துவிடும்.

கடிகாரமும் இந்தக் கூட்டத்தில்தான்: ‘த க்ளாக் ஸெஸ் டென்.’ ஆனால் கடிகாரத்தைப் பார்த்து மணி தெரிந்துகொள்ளும் குழந்தை செய்வது ‘டெல் த டைம்’. ஒரே கடிகாரத்துக்கு முன்னால் இரண்டு வினையும் நிற்கின்றன, ஒன்று முள்ளுக்கு, ஒன்று குழந்தைக்கு. ஏன் என்பது அடுத்த தலைப்பில்.

அறிகுறி: யாருமே வாய் திறக்கவில்லை, ‘டெல்’ மட்டும் வந்து நிற்கிறது

‘ஐ கான்ட் டெல் தெம் அபார்ட்.’ இரட்டைப் பிள்ளைகளில் யார் யாரென்று தெரியவில்லை. ‘யூ கேன் டெல் ஷி ஹாஸ் பீன் க்ரையிங்.’ அழுதிருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிகிறது. ‘டைம் வில் டெல்.’ போகப் போகத் தெரியும். ‘டெல் த டிஃபரன்ஸ்’, வித்தியாசம் கண்டுபிடி.

இங்கே ‘சொல்’லை மறந்துவிட்டு ‘தெரி’யைப் பிடியுங்கள். ஏதோ ஓர் அடையாளத்தை வைத்துத் தெரிகிறது என்று தமிழில் வருமானால் அது ‘டெல்’. மணி தெரிந்துகொள்வதும் அந்த வகைதான்.

இந்தப் பொருள் எங்கிருந்து முளைத்தது என்று கேட்டால், ‘டெல்’லின் பழைய வேலையைப் பார்க்க வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அதன் மூல வடிவத்துக்கு எண்ணுதல் என்பதும் ஒரு முக்கியப் பொருள். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் ‘ட்ஸேலன்’ என்றால் எண்ணுவது, முன்னால் ‘எர்’ சேர்த்து ‘எர்ட்ஸேலன்’ என்றால் கதை சொல்வது. டச்சுக்காரர்கள் எண்ணுவதை ‘டெல்லன்’ என்றே சொல்கிறார்கள். ஒவ்வொன்றாக எண்ணி அடுக்குவதும், நடந்ததை ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்வதும் ஒரே வினையிலிருந்து கிளைத்தவை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் எது எது என்று அடையாளம் தெரியும்.

1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில், ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில், வானத்தைப் பார்த்து ‘டெல் த ஸ்டார்ஸ்’ என்று கடவுள் ஆபிராமிடம் சொல்கிறார். நட்சத்திரங்களுக்கு எதையோ சொல்லச் சொல்கிறார் என்று இன்றைய வாசகர் குழம்பலாம். தமிழ் விவிலியத்தில் அந்தக் குழப்பம் இல்லை, நட்சத்திரங்களை எண்ணு என்றே இருக்கிறது.

பழைய பொருள் செத்துப்போகவில்லை. வங்கியில் பணம் எண்ணிக் கொடுப்பவர் ‘டெல்லர்’. ஏடிஎம் என்பதன் நடு எழுத்து அந்த டெல்லர்தான். 1967 ஜூன் 27ஆம் தேதி வடக்கு லண்டனில் உள்ள என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி தன் பண இயந்திரத்தைத் திறந்து வைத்ததிலிருந்து, எண்ணிக் கொடுக்கும் அந்த வேலை மெஷினுக்கும் போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாக்குகளை எண்ணும் உறுப்பினர்களுக்கும் ‘டெல்லர்’ என்றே பெயர். ‘ட்வெல்வ் பீப்பிள், ஆல் டோல்ட்’ என்றால் மொத்தமாக எண்ணினால் பன்னிரண்டு பேர். ‘அன்டோல்ட் வெல்த்’ என்பது எண்ணி முடியாத சொத்து. ‘அன் அன்டோல்ட் ஸ்டோரி’ என்றால் மட்டும் இதுவரை யாரும் சொல்லாத கதை. சொத்து வந்தால் எண்ணு, கதை வந்தால் சொல்.

இதே தலைப்பில் இன்னொரு சிக்கல். ‘சொல்ல முடியாது’ என்று தமிழில் வந்தால் ஆங்கிலத்தில் ‘ஐ கான்ட் ஸே’யா, ‘ஐ கான்ட் டெல்’லா? எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பு முறிந்திருக்கிறதா என்று இதை வைத்துத் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னால் ‘ஐ கான்ட் டெல்’. ஆதாரம் போதவில்லை. கட்சி எப்போது கூட்டணியை அறிவிக்கும் என்று நிருபர் கேட்டு, தலைவர் இப்போது சொல்வதற்கில்லை என்று நழுவினால் ‘ஐ கான்ட் ஸே’. தெரிந்தும் சொல்லாமல் இருக்கலாம். பக்கத்தில் ஆளைச் சேர்த்து ‘ஐ கான்ட் டெல் யூ’ என்றாலோ கதை மறுபடி மாறிவிடும்: ரகசியம், உன்னிடம் சொல்லக் கூடாது. அதையே நீட்டி ‘ஐ கான்ட் டெல் யூ ஹவ் ஹேப்பி ஐ ஆம்’ என்றால் சந்தோஷம் சொல்லி மாளாது என்று பொருள்.

‘டெல் ஆன்’ என்பதற்கும் இரண்டு முகம். வகுப்பில் ஒருவன் எழுந்து ‘மிஸ், இவன்தான் மிஸ்’ என்று போட்டுக்கொடுத்தால் அது ‘டெல் ஆன்’. ராத்திரி ஷிஃப்ட் பார்த்துப் பார்த்து ஒருவர் உடம்பு வாட ஆரம்பித்தால் அதுவும் ‘டெல் ஆன்’: ‘த நைட் ஷிஃப்ட்ஸ் ஆர் டெல்லிங் ஆன் ஹிம்.’ எழுவாய் மனிதரா, வேலை போன்ற பொருளா என்று பார்த்தால் போதும். ‘டெல் ஆஃப்’ வேறு, அது டோஸ் விடுவது.

அறிகுறி: வாக்கியத்தின் நடுவில் காரணமில்லாமல் ஒரு ‘ஸே’

‘கிவ் மீ, ஸே, ஃபைவ் ஹன்ட்ரட் ருபீஸ்.’ இது வினை வேலை பார்க்கவில்லை. ‘ஒரு ஐந்நூறு ரூபாய்’ என்கிறோமே, அந்த ‘ஒரு’. ‘லெட்ஸ் ஸே’ என்றால் ‘வைத்துக்கொள்வோம்’: ‘லெட்ஸ் ஸே ஹி ரிஃப்யூஸஸ்’, அவர் மாட்டேன் என்று சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம்.

‘ஸே’ பெயர்ச்சொல்லாகவும் வரும். ‘ஐ ஹாட் நோ ஸே இன் இட்’ என்றால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, முடிவில் எனக்குப் பங்கில்லை. ‘ஃபைனல் ஸே’ யாருக்கு இருக்கிறதோ அவர் வைத்ததுதான் சட்டம். ‘டெல்’லுக்கு இந்த வேலை கிடையாது.

‘தட் ஸெட்’ என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் அது ‘இருந்தாலும்’. ‘தட் இஸ் டு ஸே’ என்றால் ‘அதாவது’. இவற்றைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் ஒன்றும் தேறாது, முழுசாக விழுங்கிவிட வேண்டியதுதான்.

அறிகுறி: ‘டெல் மீ அபௌட் இட்’ என்றார், நீங்கள் கதையைத் தொடங்கிவிட்டீர்கள்

மழையில் டிராஃபிக் ஊர்ந்து போகிறது என்று நீங்கள் புலம்புகிறீர்கள். எதிரில் இருப்பவர் ‘டெல் மீ அபௌட் இட்’ என்கிறார். விவரம் கேட்கவில்லை, நானும் அதில்தான் மாட்டிக்கொண்டு வந்தேன், எனக்குத் தெரியாதா என்கிறார். ‘யூ ஆர் டெல்லிங் மீ!’ என்பதும் ஏறக்குறைய அதே: அதை என்கிட்டயே சொல்றீங்களா!

இதில் குரலைக் கவனிக்காமல் எழுத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. இன்டர்வியூவில் ‘டெல் மீ அபௌட் யுவர்ஸெல்ஃப்’ என்றால் உண்மையிலேயே கேட்கிறார்கள், கதையைச் சொல்லத்தான் வேண்டும். ‘இட்’ என்று முடிந்து, அலுத்துக்கொள்ளும் தொனியில் வந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம்.

‘ஸே’யும் இந்த மாதிரி வேஷம் போடும். ‘யூ கேன் ஸே தட் அகெய்ன்’ என்றால் நூற்றுக்கு நூறு உண்மை. மறுபடி சொல்லச் சொல்லவில்லை. ‘யூ டோன்ட் ஸே!’ என்றால் அப்படியா! ஏளனமாக இழுத்துச் சொன்னால் ‘பெரிய கண்டுபிடிப்பு’. ‘ஸெஸ் ஹூ?’ என்பது ஆள் பெயர் கேட்கும் கேள்வி இல்லை, யார் சொன்னது என்று மல்லுக்கு நிற்பது. இலக்கணத்தில் ‘ஹூ ஸெஸ்?’ என்று இருக்க வேண்டும் என்று வாதாடாதீர்கள், சண்டைக்கு நிற்கிறவர் இலக்கணம் பார்ப்பதில்லை.

அறிகுறி: எழுதும்போது சரி, வாயில் வரும்போது சிரிக்கிறார்கள்

‘ஸே’ என்பதால் ‘ஸேஸ்’, ‘ஸெய்ட்’ என்று நீட்டுகிறோம். ‘பே’ என்பது ‘பேஸ்’, ‘பெய்ட்’ என்று ஒழுங்காக நடந்துகொள்வதால் இதுவும் அப்படித்தான் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் உச்சரிப்பு ‘ஸெஸ்’, ‘ஸெட்’. இரண்டிலும் எகரம் குறில். ‘ஸெஸ்’ஸின் கடைசி ஒலி ‘ஸீப்ரா’வின் முதல் ஒலி போலக் கொஞ்சம் அதிரும், தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியில்லை. ‘ரெட்’ என்று சிவப்பைச் சொல்லிவிட்டு உடனே ‘ஸெட்’ என்று சொல்லிப் பழகுங்கள், நெடில் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லையா?

சொன்னது கேள்வியாக இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஹி டோல்ட் மீ வேர் ஐ லிவ்’ என்றால் நான் எங்கே குடியிருக்கிறேன் என்பதை அவர் எனக்கே விளக்கினார் என்று ஆகிவிடும். கேட்டார் என்று சொல்ல வந்தால் இரண்டும் வேண்டாம், ‘ஆஸ்க்ட்’ போடுங்கள்: ‘ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ லிவ்ட்.’

கேள்வியும் இல்லை, எது என்றும் முடிவாகவில்லை, மெயில் இப்போதே போயாக வேண்டும் என்றால், ஆளை எடுத்துவிட்டு ‘ஸெட்’ போட்டு அனுப்புங்கள். ‘த மேனேஜர் ஸெட் த பேமென்ட் வாஸ் ரெடி’ என்பதில் யாராலும் குறை காண முடியாது. யாரிடம் சொன்னார் என்பது கட்டாயம் வர வேண்டிய தகவல் என்றால் மட்டும் ‘டோல்ட்’ எழுதி, அடுத்த சொல்லாகவே அந்த ஆளின் பெயரைப் போட்டுவிடுங்கள்.